சந்திரலேகாவின் குட்டைத் துப்பாக்கி

காரைக்கால் கடற்கரையில் பலூன் சுடும் கடை போட்டிருக்கும் சந்திரலேகாவிடம் நான் இதுவரை ஒரு பலூனைக்கூட உடைத்ததில்லை. "துப்பாக்கி சரியில்லையோ?" என்று ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். வரிசையாக மூன்று பலூன்களை உடைத்துக் காட்டி, "துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்ல சார், உங்களுக்குத்தான்" என்றார். தன் துப்பாக்கி பொய் சொல்லாது என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

மாங்கனித் திருவிழா நெருங்கும்போது அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. துப்பாக்கி கைதவறிச் சிமென்ட் தரையில் விழுந்து, குழாயின் வாய் நசுங்கிவிட்டது. கணவர் ஜெயபிரகாஷ் பட்டினச்சேரியில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். படகின் புகைக்குழாய் இத்துப்போனால் நுனியை அறுத்து எறிவார், வேலை முடிந்தது. அதே நினைப்பில் துப்பாக்கிக் குழாயையும் அரைச் சாண் அறுத்து, குறி பார்க்கும் முள்ளைத் திரும்பப் பொருத்திக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஒருவர் சுட்டார். மஞ்சள் பலூன் வெடித்தது. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"எதக் குறி வச்சீங்க?" என்றார் சந்திரலேகா.

"சிவப்பங்க."

"அப்ப இது செல்லாது. இன்னொரு தடவ சுடுங்க."

அடுத்தது பச்சையில் பட்டது. சந்திரலேகா கடையை மூடிவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

குழாய் குட்டையானதால் வேகம் போய்விட்டது என்று ஆளாளுக்குச் சொன்னோம். ஆனால் பலூன்களுக்குப் பின்னாலிருந்த பலகையில் குண்டு பழையபடியே ஆழமாகப் பதிந்திருந்தது. இந்தக் காற்றுத் துப்பாக்கியில் குண்டு குழாயின் முதல் பாதியிலேயே வேகம் பிடித்துவிடுகிறது. கோளாறு வேறு. சந்திரலேகா அறுத்த வாயை விரலால் தடவிப் பார்த்து, கணவரிடம் நீட்டினார்.

"ஏங்க, ஒரு பக்கம் பிசிறு, ஒரு பக்கம் கோணல். வால்வு இப்படி இருந்தா எஞ்சினுல மாட்டுவீங்களா?"

ஜெயபிரகாஷுக்கு உறைத்தது. வாய் கோணலாக இருந்தால் காற்று ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வந்து குண்டைத் தள்ளிவிடும். அரத்தால் சமன்செய்து, வால்வு தேய்க்கும் பசையைப் போட்டு வாயை வழவழவென்று ஆக்கினார். அதன்பின் குண்டு சொன்ன இடத்துக்குப் போனது. ஆனால் குழாய் குட்டையானதில் நுனியிலிருக்கும் குறிமுள்ளும் கண்பக்கத்துப் பின்குறியும் நெருங்கிவிட்டதால் கை கொஞ்சம் ஆடினாலும் குறி அதிகமாகத் தப்பியது. அது வாடிக்கையாளருக்கு அநியாயம் என்று, சுடுபவர் நிற்கும் கயிற்றை ஓரடி முன்னால் கட்டினார் சந்திரலேகா. அதுவும் எனக்கு உதவவில்லை.

திருவிழாவுக்கு நல்ல கூட்டம். அப்போதுதான் மிச்சமிருந்த வினை தெரிந்தது. அந்தத் துப்பாக்கியைக் குழாயைப் பிடித்து மடக்கித்தான் உள்ளிருக்கும் சுருள்வில்லை இறுக்க வேண்டும். பிடிக்கிற நீளம் குறைந்ததில், ஒவ்வொரு முறையும் சந்திரலேகாவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. பாராட்டு வாங்க வந்த ஜெயபிரகாஷின் கையில் துப்பாக்கியைத் திணித்தார்.

"வெட்டுனது நீங்க. மடக்குறதும் நீங்கதான்."

இப்போது சாயங்காலமானால் அவர்தான் மடக்கிக் கொடுக்கிறார். போன வாரம் கையைப் பிசைந்துகொண்டே, "புதுசா ஒரு குழாய் வாங்கிப் போட்டுருவமா?" என்று மெல்லக் கேட்டார்.

சந்திரலேகா நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார். "எதுக்குங்க? நேராத்தானே சுடுது."