மூன்று இருபதுக்கு வீசிய கை

ஓர் ஆவியும் நானும் ஒரே கைக்கடிகாரத்தை முறை வைத்துக் கட்டியிருக்கிறோம். நம்ப மாட்டீர்கள். என் மனைவியே நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாள். இதில் கழிக்க ஒன்றுமில்லை. சத்தியமாக நடந்தது.

ஓய்வு பெற்ற கையோடு, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் அதை வாங்கினேன். பழைய ஆட்டோமேட்டிக். என்னைவிட மூத்தது, என்னைவிட ஒழுங்காக ஓடியது. சாவி கொடுக்க வேண்டாம். கை அசைந்தால் உள்ளே ஒரு பிறைவடிவ எடை ஆடும். இரு பக்கமும் ஸ்பிரிங்கில் முட்டித் திரும்பும். டக்... டக். மணிக்கட்டில் யாரோ விரலால் தட்டுவது போலிருக்கும். தேன் நிறம் ஏறிய அந்த டயலைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஒரே வாரத்தில் பதினேழு முறை படியில் இடறினேன்.

கழற்றி வைத்தால் நாற்பது மணி நேரத்தில் நின்றுவிடும் வகை அது. சோதிக்க நினைத்தேன். சனிக்கிழமை மாலை 6.10க்குப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாய்... ஓடியது.

வியாழன்... ஓடியது. தோல் பட்டை வெதுவெதுப்பாக இருந்தது. கடைசித் துளையில் மாட்டியிருந்தது. என் கை அவ்வளவு ஒல்லி இல்லை.

வெள்ளி, பிற்பகல் 3.20. பூட்டிய பீரோவுக்குள் டக்... டக்... யாரோ கைவீசி நடப்பது போல.

மனைவிக்கும் கேட்டது.

"என் தம்பி வரட்டும். இது வெறும் வாட்ச்தான்னு அவன் சொன்னா வச்சுக்குங்க. இல்லேன்னா வீட்டை விட்டுப் போகணும்."

"வாட்ச்சா, நானா?"

"அதையும் அவனே சொல்லட்டும்."

மச்சானுக்கு வாட்ச் ரிப்பேர்தான் தொழில். என் பேச்சை நம்பாதது உபதொழில். மறுநாள் வந்தார்.

"நீங்களே எடுத்து ஆட்டிட்டு வச்சிருப்பீங்க, அத்தான்."

பின்மூடியைத் திறந்தார். எடையைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாட்ச்சைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"இப்போ உங்க பேய் எதை ஆட்டும்னு பாப்போம்."

3.19. மூவரும் அசையவில்லை.

3.20.

டக்...

பீரோவிலிருந்து அல்ல.

டக்... டக்...

மச்சானின் சட்டைப்பை துடித்தது.

விற்ற பெண்மணிக்குப் போன் செய்தேன்.

"அப்பா எட்டு மாசம் அசைவில்லாம கிடந்தாரு. வாட்ச் நிக்கக் கூடாதுன்னு தினமும் மூணு இருபதுக்கு அவர் கையைப் பிடிச்சு நான்தான் ஆட்டுவேன். ரெண்டு நாள் வெளியூர் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா... வாட்ச் நின்னிருந்துச்சு. அப்பாவும்..."

மனைவி தம்பியைப் பார்த்தாள். நானும் கெஞ்சலாகப் பார்த்தேன். 'வாட்ச்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது என்னுடையது.

அவர் எடையை எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா... அத்தான் இந்தத் தடவை பொய் சொல்லலை."