ஆட்சேபணை இல்லை

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் நின்றுபோனபோது, என் மனைவிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. ஓய்வு பெற்றபின் பெங்களூரு ஓரத்துச் சந்தாபுராவில் இந்த வீட்டை வாங்கும்போது காற்றோட்டம் பார்த்தோம், வெளிச்சம் பார்த்தோம், காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்றுகூட விசாரித்தோம். மூட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

நான் மத்திய அரசின் கணக்குத் துறையில் தலை நரைத்தவன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், அதை எப்படித் தட்டி எழுப்புவது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் குடியிருப்போர் சங்கத்தில் எந்தப் பதவியும் இல்லாமலே எனக்கு ஒரு பதவி உண்டு. எது என்றாலும் "அங்கிளைக் கேளுங்க" என்பார்கள்.

லிஃப்டைப் பராமரிக்கும் கம்பெனிக்கு முறைப்படி புகார் கொடுத்தேன். ஒருவர் வந்தார். கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார், போனில் படம் எடுத்தார், "போர்டு போயிருக்கு சார், பார்ட் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை என் போனுக்குச் செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நன்றி.

ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி கூப்பிட்டேன். தவறு இல்லை, அதுதான் அவர்கள் விதி. ஆள் வந்து பார்த்தாலே புகார் தீர்ந்ததாகக் கணக்கு. பார்ட் வேண்டும் என்றால் அது புதுப் புகார், புது எண். புது எண் வரிசையின் கடைசியில் போய் நிற்கும். அதுவும் சில நாளில் தானாகவே தீர்ந்துவிடும். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. நாங்கள் கோப்புகளை வருடக்கணக்கில் நிலுவையில் வைத்திருக்கிறோம். ஆனால் முடிந்துவிட்டது என்று சொல்லும் துணிச்சல் எங்கள் துறையில் யாருக்கும் வந்ததில்லை.

இதற்கிடையில் ஒரு வெள்ளிக்கிழமை ஓசூரில் வளைகாப்பு. என் மனைவியின் தங்கை மகளுக்கு. அந்தப் பெண் கல்லூரி படித்ததெல்லாம் எங்கள் வீட்டில் இருந்துதான். முதல் வளையலைத் தன் கையால் போடவேண்டும் என்று என் மனைவி எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அத்திபெலே தாண்டினால் ஓசூர், பக்கம்தான். வீட்டு வாசலிலிருந்து தரைக்குப் போவதுதான் தூரம்.

சங்கத்தின் செயலாளர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் இளைஞர். அவசரக்காரர். கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டார்.

"அங்கிள், ஹெப்பகோடில ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருக்காரு. ஃபேக்டரி லிஃப்டெல்லாம் அவர்தான் பாக்கறாரு. போர்டு கையிலயே வச்சிருக்காராம். நாளைக்கே வரேன்றாரு."

"வெளியாள் கை வச்சா ஒப்பந்தம் ரத்து. அடுத்த தடவை ரிப்பேர் ஆனா எவன் வருவான்?"

"இந்தத் தடவையே எவனும் வரலையே அங்கிள்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒப்பந்தத்தின் அந்த விதியை எடுத்துப் படித்தேன். சிரிப்பு அடங்கியது. விதி என் பக்கம் இருந்தது, கூட்டமும் என் பக்கம் வந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் முதல் மாடிக்காரர்கள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வருவதற்குள் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்துவிட்டிருந்தது.

"என்னங்க, ஜெயிச்சிட்டீங்களாமே?"

"அதில்ல. விதிப்படி பாத்தா..."

"விதிப்படி வெள்ளிக்கிழம நான் எப்படிப் போறது?"

"அதுக்குள்ள வந்துடும். மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். கொஞ்சம் பொறு."

"பொறுத்துப் பொறுத்துத்தான் முட்டியே தேஞ்சுது."

பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்று செயலாளர் சொல்லி அனுப்பினார். "நான் என்ன உற்சவ மூர்த்தியா?" என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை மாலை மறுபடி செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. அதை அவளிடம் காட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் அலுவலகம் திறந்த உடனே கூப்பிட்டேன். கன்னடத்துக்கு ஒன்று அழுத்தினேன், உள்ளூர் ஆளாவது எடுப்பான் என்று. பாட்டுதான் வந்தது. நடுநடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், வரிசையில் இத்தனையாவது ஆளாக இருக்கிறீர்கள் என்று ஒரு பெண் குரல். ஒன்பதாவது ஆளாக இருந்தபோது என் மனைவி அறையிலிருந்து வாக்கரோடு வந்தாள். தலையில் பூ, உடம்பில் பழைய சுடிதார், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் பட்டுப்புடவை தெரிந்தது. வாசல் கதவைத் திறந்து, படிக்கட்டுவரை போய், வாக்கரை என் கையில் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்றே?"

"இறங்கறேன்."

"டாக்டர் படி ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"ஏறக்கூடாதுன்னாரு. உக்காந்துகிட்டே இறங்கலாம்னு பிசியோ பொண்ணு சொல்லிடுச்சு. போன வாரமே கேட்டுட்டேன்."

"எழுத்துல குடுத்துதா?"

அறுவை செய்த காலை நேராக முன்னால் நீட்டி, இரண்டு கையையும் ஊன்றி, குழந்தைகள் இறங்குவதுபோல் ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள். அடுத்து இன்னொரு படி. ஒரு கையில் வாக்கரும், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனுமாக நான் பின்னால் போனேன். துண்டிக்க மனம் வரவில்லை. ஏழாவது ஆளாகியிருந்தேன்.

இரண்டாம் மாடிக் கன்னடக்கார அம்மா கதவைத் திறந்தார். "அய்யோ, ஏன்ரீ இது! மெல்லகே, மெல்லகே" என்று பதறி உள்ளே ஓடினார். ஈரத்துணியோடு வந்து, என் மனைவிக்கு முன்னால் ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டே இறங்கினார். இருவரும் வளையல் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். முதல் மாடித் திருப்பத்தில் செயலாளர், வேலைக்குப் புறப்பட்டவர், அப்படியே நின்றார்.

"ஆன்ட்டி! என்ன ஆன்ட்டி இது? அங்கிள், நீங்க யார்கூட பேசிட்டிருக்கீங்க?"

"கம்பெனி."

"இன்னுமா?"

"அவரத் தொந்தரவு பண்ணாதப்பா," என்றாள் என் மனைவி, படியில் உட்கார்ந்தபடியே. "வரிசைல மூணாவது ஆளா இருக்காரு."

கீழே வாடகைக் கார் காத்திருந்தது. செயலாளரும் அந்த அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை உட்காரவைத்தார்கள். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"வரீங்களா, லைன்லயே இருக்கீங்களா?"

அடுத்தது நீங்கள்தான் என்றது போன். "ஒரே நிமிஷம்..." என்றேன். அவள் டிரைவரிடம் ஏதோ சொன்னாள். கார் போய்விட்டது. வளைகாப்பில் ஆண்களுக்கு வேலை கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பெண் எடுத்தார், இந்தியில். எங்கள் பதிவின்படி உங்கள் புகார் தீர்ந்துவிட்டது சார், புதிதாக ஒன்று பதிவு செய்யவா என்றார். செய்யுங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல? புது எண் வந்தது.

"வாக்கர் நிம்ம கைய்யல்லே இதெயல்லா!" என்றார் ஈரத்துணி அம்மா. ஆமாம், என் கையிலேயேதான் இருந்தது.

ஓசூர் பஸ்ஸில் வாக்கரோடு ஏறினேன். உட்கார இடம் கொடுத்தார்கள், வாக்கர் எனக்குத்தான் என்று நினைத்து. அத்திபெலேயில் வழக்கமான நெரிசல். டிரைவர் என்ஜினையே அணைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வளையல் போட்டு முடித்திருந்தார்கள். முதல் வளையல் என் மனைவிதான். பட்டுப்புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாக்கரை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"லிஃப்ட்?"

"புது நம்பர் குடுத்திருக்காங்க."

"சந்தோஷம். நான் இங்கயே தங்கச்சி வீட்ல இருக்கேன். லிஃப்ட் ஓடினா சொல்லுங்க. நம்பர் வந்தா சொல்லவேணாம்."

அவள் தங்கை எனக்கு இலை போட்டு, கலந்த சாதங்களை வரிசையாக வைத்தாள். புளியோதரையில் கை வைத்தபோது செயலாளர் குரூப்பில் எழுதியிருந்தார்: ஹெப்பகோடி மெக்கானிக் கீழே நிற்கிறார், வேலையை ஆரம்பிக்கலாமா? ஒருவரும் பதில் போடவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ஒப்பந்த விதி மனப்பாடமாக இருந்தது. எழுதவும் ஆரம்பித்தேன். எதிரே என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வளையல்களைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதை அழித்துவிட்டு, இடது கையால் இரண்டே சொல் தட்டினேன்: ஆட்சேபணை இல்லை.

மாலைக்குள் லிஃப்ட் ஓடியது. ஒப்பந்தம் ரத்தானதாக மறுவாரம் கம்பெனி கடிதம் அனுப்பியது. நான் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

லிஃப்ட் ஓடிய அன்றைக்கே, வீடு திரும்பியதும் மனைவிக்குப் போன் செய்தேன். "லிஃப்ட் ஓடுது. கார் அனுப்பட்டுமா?"

பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம்.

"ஓடட்டும். இப்ப என்ன அவசரம்? ஞாயித்துக்கிழம பாக்கலாம்," என்றாள். "கொஞ்சம் பொறுங்க."