மதினி எடுத்துக்கொண்ட பிள்ளை

நானும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் எல்லோரும் என் கட்டிலைத் தாண்டிப் போய் மதினியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மதினியின் வீடு ஒரே அறைதான். வாசலை ஒட்டி என் கட்டில், உள்ளே அடுப்புப் பக்கம் தரையில் மதினி. வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பார்த்தார்கள். துணிக்குள் சுருண்டு கிடந்த என் மகளை எட்டிப் பார்த்து, "நல்ல காலம், உன் பிள்ளை பிழைச்சுதே" என்றார்கள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு மதினியிடம் போனார்கள். செத்தது என் மகளோடு என் வயிற்றில் கிடந்த இன்னொரு பெண். ஆனால் அந்தச் சாவுக்கு உரியவள் மதினி என்று மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவே முடிவு செய்திருந்தது. நான் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மற்றவர்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மதினி என் கணவருடைய அக்கா. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம் அவர்களுடையது. நான் தென்காசியில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். மாமியார் இல்லாத வீடு என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமியாருக்கும் சேர்த்து ஒரு மதினி இருக்கிறாள் என்பதை யாரும் சொல்லவில்லை. அவளுக்குக் கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அரிசிக் கிடங்குகள் இருக்கிற தெருதான் அவள் பொறுப்பில் இருந்தது. லாரிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், சிந்திய அரிசியைப் பொறுக்க வரும் ஆடுகள், என் கணவர் என்று யாரையும் விட்டுவைக்காமல் அதட்டுவாள். என்னை மட்டும் ஆரம்பத்தில் அதட்டவில்லை. அதிலேயே நான் வெளியாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு இரண்டு முறை கலைந்து, பல வருடம் கழித்து மூன்றாவதாகத் தங்கியது. டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டி, இரண்டு என்றார். சந்தோஷப்படுவதற்குள் மற்றதையும் சொல்லிவிட்டார். கர்ப்பப்பை வாய் பலமாக இல்லை, தையல் போட வேண்டும். ரத்த அழுத்தம் ஏறுகிறது. படுக்கையை விட்டு எழக்கூடாது, மாடிப்படி கூடவே கூடாது. நாங்கள் குடியிருந்ததோ ஒரு மிளகுக் கிடங்கின் மேல்மாடி. தென்காசிக்குப் போகலாமென்றால் அங்கே அம்மா இல்லை. என் கணவர் காக்கநாட்டில் ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறவர், காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது மதினி ஒரு ஆட்டோவோடு வந்து நின்றாள். "ஏட்டி, மெல்ல எறங்கு. இனி என் வீட்லதான் உனக்குக் கெடப்பு" என்றாள். அதுதான் அவள் என்னை முதல்முதலாக அதட்டியது.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் சோப்பு வாசனைதான் வருகிறது. வேலை முடிந்து வந்ததும் வெளியிலேயே மேல்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புத் தேய்த்துக் கழுவாமல் என்னைத் தொடமாட்டாள். கழுவின கையோடு எனக்குக் கஞ்சி ஊட்டுவாள், தலை வாருவாள், படுக்கையிலேயே துடைத்துவிடுவாள், மலத்தட்டு வைத்து எடுப்பாள். நான் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், "ஊர் அழுக்கெல்லாம் வாரறேன், இது என்ன பெரிய காரியம்? சும்மா கெட" என்பாள். பெற்றவள் செய்வாளா என்பது சந்தேகம். அவ்வளவு செய்தாள்.

ஒரு குழந்தை கீழேயும் மற்றது அதற்கு மேலேயுமாக இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். மதினி அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் எண்ணெய் தடவும்போது என் வயிற்றைப் பார்த்து, "கீழ கெடக்கது உன் பிள்ளை. மேல கெடக்கது என் பிள்ளை. மனசிலாச்சா?" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுநாள் அதையே என் கணவரிடம் சொன்னாள், அவர் சிரிக்கவில்லை, "உனக்கில்லாததா அக்கா" என்றார். அடுத்த வாரம் தெருவே சொன்னது. இரட்டை பிறந்தால் ஒன்றைப் பிள்ளையில்லாதவள் மடியில் போடுவது அவர்கள் குடும்பத்தில் முன்பும் நடந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டில்தானே வளரப்போகிறது, எங்கே போய்விடும் என்பார்கள். விளையாட்டுப் பேச்சு எந்த நாளில் வாக்காக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

எனக்கு இரண்டும் வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எந்த நினைப்பும் எனக்கு இருக்கவில்லை. ஆனால் மத்தியானத்தில் என் கட்டிலுக்குக் கீழே வெறும் பாயில், வெடித்த பாதங்களோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவளிடம் எப்படிச் சொல்வது? அவள் இல்லாவிட்டால் இரண்டுமே தங்காது என்பதும் எனக்குத் தெரியும். பிறக்கட்டும், பிறந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினேன். அவள் "என் பிள்ளை" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குள்ளிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

ஏழாம் மாதத்தில் மேலே இருந்த குழந்தை சரியாக வளரவில்லை என்றார்கள். அதற்குப் போகிற ரத்தம் குறைவாக இருக்கிறதாம். ஆட்டோவில் திரும்பி வரும்போது வழி முழுக்க மதினி ஆட்டோக்காரரைக்கூட அதட்டவில்லை. அது நடக்கிற காரியமா? நான் பயந்து போய்விட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் வயிற்றின் மேல்பக்கம் கையை வைத்து, "ஏட்டி, நீ ஒண்ணும் திங்கலையா? கீழ உள்ளது எல்லாத்தையும் பிடுங்கித் திங்குதா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என் சாப்பாட்டில் பங்கு பிரிந்தது. கஞ்சியும் பயறும் எனக்கும் கீழே உள்ளதற்கும். முட்டையும் மத்தி மீனும் மேலே உள்ளதற்கு. "இது அதுக்கு. நீ திங்கறதா நெனைக்காத" என்று சொல்லித்தான் ஊட்டுவாள். நானும் அப்படியே நினைத்து விழுங்குவேன். அது ஒன்றில் மட்டும் எங்கள் இருவருக்கும் போட்டி இல்லை.

எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் தலைவலி மண்டையைப் பிளந்தது, கண்ணுக்கு முன்னால் பொறி பறந்தது. வேலையிலிருந்த மதினி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் அடைத்துக் கிடந்தன. அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி நின்று, இரண்டு பக்கமும் சத்தம் போட்டு வழி வாங்கினாள். எறணாகுளத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததும் நேராக அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டும் பெண் என்றது ஒரு குரல். முதல் குழந்தையை ஒரு நொடி என் முகத்துக்கு அருகில் காட்டினார்கள். இரண்டாவதைக் காட்டவில்லை. அது அழவில்லை என்று கையோடு எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு வலிப்பு வந்துவிடக்கூடாதென்று மருந்து ஏற்றி ஒரு அறையில் போட்டு வைத்திருந்தார்கள். குழந்தைகள் இருந்தது வேறு கட்டடம். எழுந்து போய்ப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. என் கணவர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாராம், குழாய்களுக்கு நடுவே ஒன்றும் தெரியவில்லை என்றார். மதினிதான் நர்ஸ்களிடம் கெஞ்சி உள்ளே போய்வந்தாள். பாலைப் பிழிந்து கொடுக்கச் சொன்னார்கள். சின்னச் சின்ன இரண்டு கிண்ணம். முதலில் ஒவ்வொன்றிலும் அடி நனைகிற அளவுதான். மதினி அதை மூடி, முந்தானையில் மறைத்து, கோயில் தீர்த்தம் மாதிரி கொண்டுபோவாள். திரும்பி வந்து, "ரெண்டும் குடிச்சுது" என்பாள். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், "இருக்கும், இருக்கும். நீயே வந்து பாப்ப இல்ல?" என்பாள். பார்க்கத்தானே போகிறேன் என்று நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் நான் இரண்டு கிண்ணத்தையும் நீட்டினேன். அவள் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு இது போதும்" என்றாள்.

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியபோது வாயைத் திறந்தேன். அவள் வந்து என் வாயைப் பொத்தினாள். "கத்தாத. பிரஷர் ஏறும், பால் வத்திரும். உன் பிள்ளை இருக்கா. அதுக்கு நீ வேணும். போனது என் பிள்ளை. அத நான் பாத்துக்கிடுவேன்" என்றாள். அந்தக் கையில் அன்றும் சோப்பு வாசனை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மற்றக் கிண்ணத்துப் பாலை யாரோ எடுத்துப் போய்க் குழாயடியில் ஊற்றினார்கள்.

அன்றைக்கே மூத்தவளுக்கும் மூச்சு முட்டி இயந்திரத்தில் வைத்திருந்ததால் என் கணவரால் நகர முடியவில்லை. எங்கள் ஆட்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. மதினி போனாள். கூட வேலை செய்கிற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, துணியில் பொதிந்து மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோய், அவளே குழியில் இறக்கினாளாம். நான் இங்கே மருந்து ஏறிக்கொண்டு கிடந்தேன்.

பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். மதினி விடுப்பு எடுத்துக்கொண்டு துக்கம் காத்தாள். எனக்குப் பிள்ளை பெற்றவளுக்குரிய மரியாதை நடந்தது. மார் இரண்டு பேருக்கு ஊறியது, குடிக்க ஒருத்திதான். வலி தாங்காமல் பாலைப் பிழிந்து கொட்டும்போது மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். வெளியே வந்தால், உயிரோடு ஒன்றை வைத்துக்கொண்டு அழாதே, ஆகாது என்பார்கள். மதினி தன் வாக்கில் சுத்தமாக இருந்தாள். உயிரோடு இருந்தவளை ஒரு நாளும் உரிமை கொண்டாடவில்லை. நான் எடுத்து நீட்டினால்தான் வாங்குவாள். வருடா வருடம் பிறந்தநாளைக்குப் பாயசம் கொண்டுவருவாள், சில நாள் கழித்து யாரிடமும் சொல்லாமல் மயானத்துக்குப் போய்வருவாள். என்னை ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை.

ஒரே ஒரு முறை வெடித்துவிட்டேன். "என் வயித்துல கெடந்த பிள்ளை அது, நீங்க யாரு?" என்று கேட்டேன். அவள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். "வயித்துல வச்சது நீ. மண்ணுல வச்சது நான்" என்றாள். அதற்குமேல் நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள் செய்தது கருணையா, பறிப்பா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அவள் அந்தப் பாரத்தை வாங்கியிராவிட்டால் நான் பிழைத்திருப்பேனா என்பதும் தெரியாது. வாங்கியவள் பிறகாவது திருப்பித் தந்திருக்கலாம் என்ற ஆத்திரமும் போகவில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி மதினி போய்விட்டாள். என் மகள் இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத்தெல்லாம் மலையாளம். நான் எழுதும் இதை அவளால் வாசிக்க முடியாது. சின்ன வயதிலிருந்து அவள் கேட்டு வளர்ந்ததெல்லாம், அத்தைக்கு ஒரு பாப்பா பிறந்து செத்துப்போனது என்றுதான். இந்த வருடம் அந்த நாள் வந்தபோது போவதற்கு ஆள் இல்லை. நான் புறப்பட்டேன். அத்தை மேல் இருந்த பிரியத்தில் அவளும் கூட வந்தாள்.

மயானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் எங்களை நிறுத்தினார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வருடா வருடம் வரும் அந்தச் சேச்சியை அவருக்குத் தெரியும் என்றார். குழந்தைகளைப் புதைக்கிற இடம் அது, மறுபடி மறுபடி தோண்டுவோம், அடையாளம் நிற்காது. அந்தச் சேச்சி ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு இடத்தில்தான் நின்றார் என்றார். பிறகு, "ஆருடெ குஞ்ஞாணு?" என்று கேட்டார், யாருடைய குழந்தை என்று.

"என்டெ அத்தையுடெ" என்றாள் என் மகள்.

"அல்ல, என்டேதாணு" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன்கூட ஒண்ணா வயித்துல கெடந்தவ. உன் தங்கச்சி" என்றேன். அவள் புல் முளைத்துக் கிடந்த அந்த மண்ணில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு இத்தனை வருடமாக என்னிடம் யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அவ எப்டி அம்மா இருந்தா? என்னைப் போலயா?"

"தெரியாது மோளே. நான் அவளப் பாக்கவே இல்ல" என்றேன்.