சமையற்காரனுக்கு மந்திரம் கொடுக்க ஓர் ஆள்

சின்ன காஞ்சிபுரத்து முரளீதரன் 2003ஆம் வருஷத்தில் ஒரு ஊரை முப்பத்தெட்டு தடவை அழியவிட்டார். அவருக்கு அந்த ஊர்மேல் எந்தக் கோபமும் இல்லை. விதிகளை மதிக்கிற குணம்தான் காரணம்.

வங்கியில் பெட்டக அறைப் பொறுப்பில் இருந்து, ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு வாங்கியவர். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை இருபத்தொன்பது வருஷம் காப்பாற்றினார். மனைவி வத்ஸலா, மகள் ஸௌம்யாவின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனாள். ஆறு மாதம் என்று போனது, விசாவை நீட்டித்து இன்னொரு ஆறு மாதம் ஆனது. குழந்தைக்கு அவள் மடியில்தான் தூக்கம் வருகிறதாம். இங்கே தூக்கம் வராமல் இருப்பவரைப் பற்றி எழுத விசா படிவத்தில் இடமில்லை.

அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஸௌம்யா ஒரு சீட்டாட்டப் பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். ரம்மி மாதிரி ஒருவரை ஒருவர் கவிழ்க்கிற ஆட்டம் இல்லை. மந்திரவாதிகள் மூவர், சமையற்காரன் ஒருவன். நால்வரும் சேர்ந்து ஓர் அசுரனிடமிருந்து ஊரைக் காக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோரும் ஜெயிப்பார்கள், தோற்றால் எல்லோரும். ஆள் இல்லாவிட்டால் நால்வருக்கும் ஒருவரே ஆடலாம் என்று பெரிய மனதோடு அச்சடித்திருந்தார்கள்.

முரளீதரன் சாப்பாட்டு மேஜையின் நான்கு நாற்காலிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து ஆடினார். சிக்கல் பதினான்காம் விதியில் இருந்தது. மந்திர சக்தி இல்லாதவன் மந்திரச் சீட்டைக் கட்டிலிருந்து தானே எடுக்கக் கூடாது. அதே இடத்தில் இருக்கும் கூட்டாளி தன் கையால் கொடுத்தால் பெறலாம். கடைசிச் சுற்றில் சமையற்காரனிடம் ஒரு மந்திரமாவது இல்லையென்றால் ஊர் காலி.

வேறு யாராவது என்றால் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிவிட்டு ஜெயித்திருப்பார்கள். மந்திரத்தை ஆசாரியர் வலது காதில் சொல்ல வேண்டும், தானே படித்துக்கொண்டது சேர்த்தியில்லை என்று வளர்ந்தவருக்கு அது முடியவில்லை. கொடுக்க இன்னொருவர் வேண்டும். வீட்டில் இன்னொருவர் இல்லை. சமையற்காரன் கரண்டியோடு நிற்க, ஊர் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் வத்ஸலாவிடம் முறையிட்டார்.

“ஏன்னா, நீங்களே குடுத்துக்கோங்கோளேன். யாரு பார்க்கப் போறா?”

“அதைத்தான் நானும் சொல்றேன். யாரும் பார்க்கலை.”

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அவள் வைத்துவிட்டாள்.

முப்பத்தொன்பதாவது ஆட்டத்துக்குப் பரசுராமனை வரவழைத்தார். அதே வங்கியில் பதிவறைக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தவர், செவிலிமேட்டுக்காரர். நாலு மணிக்கு வந்து உட்கார்ந்தார்.

“யாரை ஸார் கவுக்கணும்?”

“யாரையும் கவுக்கப்படாது. ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்தணும்.”

“ஒரே கட்சின்னா எதுக்கு ஸார் சீட்டு? சும்மா பேசிக்கினு இருக்கலாமே.”

முரளீதரன் அந்த யோசனையைப் பரிசீலிக்கவில்லை. விதிப் புத்தகத்தில் அது இல்லை. மந்திரவாதிகள் மூவரையும் பரசுராமனிடம் ஒப்படைத்து, சமையற்காரனைத் தான் வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் விதிகளை விளக்கினார். பரசுராமன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பஸ்ஸு போயிடும் ஸார். இந்தாங்க, எல்லாத்தையும் நீங்களே வச்சிக்கங்க.”

கையிலிருந்த மொத்தச் சீட்டையும் முரளீதரனின் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

முரளீதரன் உள்ளங்கையைப் பார்த்தார். கூட்டாளி. அதே இடம். தன் கையால். ஆறு மந்திரங்கள். சமையற்காரன் மூன்றே சுற்றில் அசுரனை முடித்தான். “ஜெயிச்சுட்டோம்!” என்று நிமிர்ந்தால், எதிர் நாற்காலி காலி. வாசலுக்கு ஓடினார். டவுன் பஸ் முனை திரும்பிவிட்டது.

எல்லோரும் ஜெயிக்க வேண்டும் என்பது விதி. கூட்டாளிக்குத் தகவல் போகாமல் ஆட்டத்தை முடித்ததாகச் சொல்ல முடியாது. செவிலிமேட்டுக்கு ஃபோன் போட்டார். பரசுராமனின் மனைவி ஜெயம்மாள் எடுத்தாள்.

“அவரு இன்னும் வரலை ஸார். என்னா விஷயம்?”

“ஊரைக் காப்பாத்தியாச்சுன்னு சொல்லணும்மா.”

“எந்த ஊரு?”

பெட்டியில் போட்டிருந்த ஊர்ப் பெயர் அவர் வாயில் நுழையாதது. தயங்கினால் ஃபோனை வைத்துவிடுவாளோ என்ற பயம் வேறு.

“தாமல் பக்கம்” என்றார்.

“ஐயய்யோ, எங்க அண்ணன் அங்கதானே இருக்காரு! என்னா ஆச்சு ஸார்?”

“ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்கோ” என்றார் முரளீதரன். “நாங்க ரெண்டு பேர் இருந்தோம்.”