கான் வெட்டாத வருடம்

கண்டாக்கையா என் மேசைமேல் வைத்த கடிதத்தில் ஒரு துளி ஈரம்கூட இல்லை. அவர்தான் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். மேல் டிவிசனிலிருந்து ஆபீசுக்கு நாலு மைல் இறக்கம். அந்த மழையில் கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தார். டிவிசன் வேலை முழுவதையும் மேற்பார்வையிடும் உத்தியோகத்தர் அவர். உட்காரச் சொன்னேன். நாற்காலி நனைந்துவிடும் என்று நின்றுகொண்டே பேசினார்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கணக்கியல் பரீட்சை முடித்த கையோடு தேயிலைத் தோட்ட ஆபீசில் சேர்ந்திருந்தேன். கம்பெனி புதிதாக ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தது. நாலு டிவிசன்களையும் நாலு தனி வியாபாரங்கள்போல நடத்த வேண்டும். மாதக் கடைசியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், கொழுந்தின் வரவு, செலவு, மிச்சம். அந்தத் தாள்களைத் தயாரித்துத் தோட்ட மானேஜரான துரையிடம் கொடுப்பது என் வேலை. மேல் டிவிசன் எப்போதும் கடைசியில் நின்றது. அங்கே கிழட்டுச் செடிகள், செங்குத்தான மலை. கொழுந்துக்கு விலை வைத்தது தொழிற்சாலை. தலைமை ஆபீசின் செலவை ஏக்கர் கணக்கில் பிரித்து நாலு தலையிலும் போட்டது நான். இரண்டிலும் கண்டாக்கையாவுக்குக் கை இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஆளை வேலைக்கு விடுவது என்பது மட்டுமே அவர் தீர்மானத்தில் இருந்தது.

கடிதம் கானைப் பற்றியது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே மலைத் தண்ணீரை ஒதுக்கிவிடும் கான்களைப் பருவ மழைக்கு முன் வெட்டித் துப்புரவாக்க வேண்டும். அந்தச் செலவு முழுவதையும் தன் டிவிசனின் ஒரே மாதத் தாளில் போடாமல், தோட்டத்தின் பொதுச் செலவில் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

"அது டிவிசன் செலவுதான் ஐயா. உங்களுக்கு மாத்துனா மத்தவங்களும் கேப்பாங்க" என்றேன்.

"வெட்டுனா இந்த மாசமும் நாங்கதான் கடைசி, மிஸ். இன்னும் மூணு மாசம் இப்படியே போனா டிவிசன மூடிட்டு ஆளுங்கள வேற எடத்துக்குப் பிரிச்சு விட்டுருவேன்னு தொரை சொல்லிட்டாரு."

விதி அப்படித்தான் என்று சொல்லிக் கடிதத்தைக் கோப்பில் போட்டேன். அவர் பொலித்தீன் பையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வருடம் அவர் கான் வெட்ட ஆள் விடவில்லை. மூன்றே மாதத்தில் மேல் டிவிசன் இரண்டாம் இடத்துக்கு வந்தது. துரை பாராட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். செலவுக் கட்டுப்பாட்டில் மற்ற டிவிசன்களுக்கு இது முன்மாதிரி என்று நான்தான் எழுதினேன். எந்தச் செலவு குறைந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன் என்பதற்குப் பிற்பாடு எத்தனையோ விதமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பருவத்தில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிபோல மலை மண் சரிந்து லயத்தின் முதுகில் வந்து விழுந்தது. கடைசிக் காம்பராவில், ஒரே அறை கொண்ட அந்த வீட்டில், ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண்ணும், பிள்ளை பெற்று இருபது நாளான அவள் மகளும் மண்ணோடு போய்விட்டார்கள். குழந்தையைக் குளிப்பாட்டப் பக்கத்துக் காம்பராக்காரி தூக்கிப் போயிருந்ததால் அது மட்டும் பிழைத்தது. மத்தியானம் நான் போய்ச் சேர்ந்தபோது கண்டாக்கையா இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். இளவட்டங்கள் மண்வெட்டியைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கான் ஏன் வெட்டப்படவில்லை என்று சிங்களத்தில் கேட்டார்கள். தான் ஆள் விடவில்லை என்றார் கண்டாக்கையா. செலவுக்கு ஆபீசில் கேட்டதுண்டா என்றார்கள். கடிதம் இருந்த கோப்பு என் மடியில் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பாமலே, இல்லை என்றார். நானும் வாய் திறக்கவில்லை. கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

வெளியே வந்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கடிதத்தக் காட்டுனா உங்க வேலையும் போயிரும். நீங்க தாளப் பாத்து சொன்னீங்க, மிஸ். நான் மலையப் பாத்துக்கிட்டே இருந்தவன். ஆள நிறுத்துனது நான்தானே."

பல வருடம் கழித்துப் போன மாதம் கினிகத்தேனை பஸ் தரிப்பிடத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு இரும்புக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறாராம். நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். சுகம் விசாரித்து முடித்ததும், "கான் வெட்டுறாங்களா, மிஸ்?" என்றார். வெட்டுகிறார்கள் என்றேன். பொய் சொன்னதாக அப்போது நினைக்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு கான் செலவைப் பொதுச் செலவுக்கு மாற்றவைத்தது நான்தான். வருடாவருடம் அந்தத் தொகை தவறாமல் செலவாகியிருக்கிறது.

ஆனால் நான் போய்ப் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு மேல் டிவிசனுக்குப் போனேன். வண்டிப் பாதை ஓரத்துக் கான் கண்ணாடிபோலத் துப்புரவாக இருந்தது. லயத்துக்கு மேலே கான் இருந்த தடமே தெரியவில்லை. மண்ணும் புல்லும் மூடிக் கிடந்தன. மிஞ்சிய காம்பராக்களில் ஆட்கள் குடியிருந்தார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்தேன்.

"ரோட்டுப் பக்கம் மட்டுந்தான் வெட்டுவாங்க, மிஸ். இங்க வரைக்கும் ஏறி வந்து யாரு பாக்கப் போறா?"

தூறல் விழத் தொடங்கியது. அவள் துணிகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.