ஆப்பிரிக்கன் வயலட்டும் என் சந்தேகக் கேஸ்களும்

நர்சரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செடி வாங்க வருகிறார்கள். மீதிப் பேர் நான் ஏமாற்றுக்காரி என்று நிரூபிக்க வருகிறார்கள். கடை போட்டு உட்கார்ந்திருக்கிற புண்ணியவான்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

என் கடை ராஜகீழ்ப்பாக்கத்தில், மெயின் ரோட்டை ஒட்டி. இடம் ஏகாம்பரம் அண்ணனுடையது. அவர் குடும்பம் முன்பு நெல் போட்ட நிலம். அதை பைக் ஷோரூமுக்குக் கேட்கிறார்கள் என்று காதில் விழுந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. புதிதாக ஏதாவது விற்றுக் காட்டினால் கடை தப்பிக்கும் என்றுதான் பெங்களூரிலிருந்து ஆப்பிரிக்கன் வயலட் இறக்கினேன். சின்னத் தொட்டி, வெல்வெட் மாதிரி இலை, நடுவில் கொத்தாகப் பூ. பார்த்தால் விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

பெயரை நம்பிய டீச்சர்

முதலில் வாங்கியவர் சேலையூர் டீச்சர் ஒருவர். நேர் வெயில் ஆகாது, வீட்டுக்குள் ஜன்னல் ஓரமாக வையுங்கள், இலையில் தண்ணீர் படவேண்டாம் என்று வாய் வலிக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். அடுத்த வாரமே கருகிய அப்பளம் மாதிரி ஒன்றைக் கவரில் போட்டுக்கொண்டு வந்தார். எங்கே வைத்தீர்கள் என்றால் மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் பக்கத்திலாம். அதுவும் கத்திரி வெயிலில்! நான் படித்துப் படித்துச் சொன்னேனே டீச்சர் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆப்பிரிக்காவுல இல்லாத வெயிலா தாம்பரத்துல அடிக்குது? இது அந்த ஊர்ச் செடியே இல்லம்மா, நீங்க பேரைச் சொல்லி என் தலையில கட்டிட்டீங்க."

பெயரை எடுத்ததும் வந்தவர்

எதற்கு வம்பு என்று தொட்டியில் செருகியிருந்த பெயர் அட்டையில் 'ஆப்பிரிக்கன்' என்ற வார்த்தையை மார்க்கரால் அடித்துவிட்டு வெறும் 'வயலட்' என்று விட்டேன். அஸ்தினாபுரத்தில் ஒரு அபார்ட்மெண்டுக்கு செக்ரட்டரியாக இருக்கிற சார் ஒருவர் வந்தார். அதற்கு முந்தின வாரம் விலை கேட்டுவிட்டுப் போனவர்தான். பிளாஸ்டிக்கா என்று இலையை நகத்தால் கிள்ளிப் பார்த்தார். எனக்கு உயிரே போயிற்று. அப்புறம் அட்டையில் அடித்திருந்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். அதே செடிதான் சார் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. உள் ரூம் கதவைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா, அந்த ஆப்பிரிக்கன் ஸ்டாக்கை யாருக்காக உள்ள ஒதுக்கி வெச்சிருக்கீங்க?"

இலைத் திருட்டு

உள் ரூமில் ஒன்று இருந்தது வாஸ்தவம்தான். இலை ஓரம் முழுக்க சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைக் கரை போட்ட வயலட். அந்த மாதிரி என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான். வயலட்டுக்கு விதை தேடி அலைய வேண்டாம். ஒரு இலையைக் காம்போடு கிள்ளி நட்டால் அடியில் குட்டி விடும். இந்தத் தாய்ச் செடியை வைத்துத்தான் வேறு எவரிடமும் இல்லாத சரக்கு பண்ணலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதில் இலை குறைய ஆரம்பித்தது. பூச்சி கடித்த மாதிரி இல்லை, காம்போடு சுத்தமாக. எவனோ விவரம் தெரிந்தவன்.

அதற்கப்புறம் நான் நானாக இல்லை. கைப்பை பெரிதாக இருந்தால் முறைத்தேன். பக்கத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிற நாசர் பாய் வழக்கமாக என் கடையில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார். தங்கமான மனுஷன். அவர் எழுந்து போகும்போதெல்லாம் ஓடிப்போய்ச் செடியைப் பார்ப்பேன். ஒருநாள் டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, நான் டீ குடிக்கிறேன், நீங்க என் கையையே பாக்கறீங்க. பாக்கெட்டைத் திருப்பிக் காட்டிட்டுப் போவட்டுமா?"

இடத்தை நோட்டம் விட்டவர்

ஏகாம்பரம் அண்ணனும் அந்தச் சமயத்தில் அடிக்கடி வந்தார். வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பார், உள் ரூமுக்குள் போய்ச் சுவரைப் பார்ப்பார், துண்டைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். ஷோரூமுக்குத்தான் அளவு பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன். வெறும் கையோடு போகிறாரா என்று பார்க்கத் தோன்றவே இல்லை. இடத்துக்காரரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

போன வாரம் துண்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். காலி பண்ணச் சொல்லும் பேப்பர் என்றே நினைத்து எழுந்து நின்றேன். துண்டை விலக்கினால் ஒரு டீ கிளாஸ். அதில் தண்ணீர், தண்ணீருக்குள் வேர், அடியில் பொடிப்பொடியாகக் குட்டிகள், மேலே வெள்ளைக் கரை போட்ட என் இலை! அட மகராசா! அவர் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னலில் இன்னும் நாலைந்து கிளாஸ் இருக்கிறதாம். கேட்டால் காசு கேட்பேன் என்று கேட்காமல் எடுத்தாராம். சொல்லும்போது கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. கிளாஸைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவரோ கிளாஸை என் மூக்குக்கு நேராக நீட்டி, நல்ல இலையாகக் கொடுக்காமல் பூக்காத இலையாக வைத்திருந்தாயா என்று என்னையே சந்தேகப்பட்டார்.

"குட்டி போட்டுக்கீது, பூ எங்கம்மா? இது பூக்குற வரிக்கும் நீ எங்கயும் போவக்கூடாது, ஷோரூம்காரன அப்பால வரச் சொல்லிட்டேன்."

சமையல்கட்டு ஜன்னல் வயலட்டுக்கு ரொம்ப நல்ல இடம் என்பதால், பூச்செடி விற்றே பிழைக்கிற நான் இப்போது அந்த ஒரு வீட்டுச் செடி மட்டும் பூக்கவே கூடாது என்று தினமும் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.