தாம்பூலத் தட்டும் த்ரோபால் பெண்களும்

மைசூரில் யார் வீட்டுக்குள் கால் வைத்தாலும் குங்குமம் வாங்காமல் வெளியே வர முடியாது. ஏணி இரவல் கேட்கப் போன எனக்கே கொடுத்தார்கள். விசேஷத்துக்கு அழைக்கவோ பெரிய காரியம் ஒன்றைக் கேட்கவோ வந்தால், தேங்காய், பூ, ரவிக்கைத் துணியோடு தட்டே வரும். ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பென்னாகரம் பக்கம், வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டுக்குள் அப்படியொரு தட்டு நுழைந்தால் ஒரே அர்த்தம்தான்.

எனக்கு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. கணவர் முருகேசனுக்குக் கட்டட வேலை. இங்கே வந்தபோது மகள் தர்ஷினிக்கு எட்டு வயது. வீடு மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறியதில் பிள்ளை வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில் ஆனதும், "கார்மென்ட்ஸுக்கு அனுப்பிடலாம்" என்று இவர் முடிவு கட்டினார். அவள் அதற்கும் பேசவில்லை.

பேசவைத்தது த்ரோபால். தெருமுனை மைதானத்தில், எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள் மாலையில் வலை கட்டிப் பந்தெறிந்து ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே புத்தகம் விரிப்பார்கள். கணக்கு தெரிந்தவள் மற்றவளுக்குச் சொல்லித்தருவாள். தர்ஷினியும் சேர்ந்தாள். ஒரே மாதத்தில் என் ஊமைக்கோட்டான் நடுவரோடு சண்டை போடுவதைக் கண்ணால் பார்த்தேன். கோபம் வரவில்லை, பூரிப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அணித் தலைவி சௌம்யா தன் அம்மாவையும் நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா கையில் தட்டு. இவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"பதினாறு வயசுப் புள்ளயப் பொண்ணு கேட்டு வந்திருக்கீங்களே! அவ இன்னும் படிக்கணும்!"

"அதக்கே பந்தித்தீவி அங்கிள்" என்று கன்னடத்தில் சொன்னாள் சௌம்யா. அதற்காகத்தான் வந்தார்களாம். தர்ஷினியை வேலைக்கு அனுப்பாமல் மறுதேர்வு எழுத விடுங்கள் என்று கேட்கத்தான் அந்தத் தட்டு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆறு பேர் முன்னால் விட்ட வார்த்தையை இவர் எப்படித் திரும்ப வாங்குவார்? "காபி போடு" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

தேர்வு முடிவு வந்த மாலை தர்ஷினி மைதானத்தில் இருந்தாள். போனைப் பார்த்தவள், "பாஸாதே கணே!" என்று கூவிக்கொண்டு தோழிகளைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். பாஸாகிவிட்டாள் என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கும் புரிந்துவிட்டது. இவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆனாலும், அவள் ஓடிவந்து தமிழில் ஒருமுறை சொல்லட்டும் என்று, ஒன்றும் தெரியாதவர்களைப் போல இருவரும் காத்து நின்றோம்.